நடந்து போகிற தூரத்தில்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு உத்தமபாளையம் கிளைக்கு மாற்றல். பெரியவன் ஆறாம் வகுப்புக்கும் சின்னவள் ஒன்றாம் வகுப்புக்கும் போகவேண்டும். "தேனிப் பக்கம் நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியா எது பெரியப்பா? அங்கேயே வீடு பார்த்துக்கிறோம்" என்றாய்.

இந்தக் கேள்வி உன் நாத்தனாரிடமிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் டல்லாஸில் வீடு வாங்கியபோது 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' பார்த்துத்தான் வாங்கினாள். அங்கே அது சரி. வீட்டு விலாசம் எந்தக் கல்வி வட்டாரத்துக்குள் வருகிறதோ, அங்குள்ள அரசுப் பள்ளியில்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். அந்தப் பள்ளிகளின் செலவில் பெரும்பங்கு அந்த வட்டாரத்து வீட்டுவரியிலிருந்து வருகிறது. பணக்காரப் பகுதியில் வரி அதிகம், பள்ளிக்கும் பணம் அதிகம். இது நியாயமா என்று டெக்சாஸில் சான் அன்டோனியோ பகுதிப் பெற்றோர்களே வழக்குப் போட்டார்கள். 1973-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று சொல்லிவிட்டது.

நம்மிடமும் கல்வி மாவட்டம் உண்டு. ஆனால் அது மாவட்டக் கல்வி அலுவலரின் நிர்வாக எல்லை, அவ்வளவுதான். சின்னமனூரில் குடியிருந்துகொண்டு உத்தமபாளையத்து அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஆசிரியர் சம்பளம் அரசு கருவூலத்திலிருந்து வருகிறது. தெரு பணக்காரத் தெருவா ஏழைத் தெருவா என்பதைப் பொறுத்து அது மாறாது. ஆகவே 'நல்ல ஏரியா' என்று இங்கே ஒன்றைக் காட்ட என்னால் முடியாது.

ஆனால் நீ கேட்டால் மற்றவர்கள் காட்டுவார்கள், தாயி. அதைத்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும். வீடு பார்க்க வரும்போது, "அங்கே நல்ல வீட்டுப் பிள்ளைங்க படிக்குது, இங்கே எல்லாரும் படிக்குது" என்று யாராவது சொல்லுவார்கள். சாதியைச் சொல்லாமல் சொல்கிற பேச்சு அது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு, ராவுத்தர் வீடு, மலை எஸ்டேட்டிலிருந்து இறங்கிவந்த வீடு என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. அந்தக் கலப்பு வகுப்பறையிலும் இருந்தால் அது பிள்ளைக்கு வரவு. 'எல்லாரும் படிக்குது' என்று யாராவது முகம் சுளித்துச் சொன்னால், அந்தப் பள்ளியின் பெயரைக் குறித்துக்கொள். போய்ப் பார்க்கவேண்டிய பட்டியலில் அது முதலில் இருக்கட்டும்.

'கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்ற பெயர்ப்பலகையையும் பார்ப்பாய். திருப்பூரில் வளர்ந்த உனக்கு அது புதிதாக இருக்கும். குற்றப்பரம்பரைச் சட்டத்தால் ஒரு சமூகமே கைரேகை வைத்து அல்லல்பட்ட காலத்தில், 1920-ஐ ஒட்டி வெள்ளைக்கார அரசு தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் பிறந்த பள்ளிகள் அவை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் சேரலாம். பள்ளிப் பெயர்களில் இருக்கும் இப்படிப்பட்ட அடையாளங்களை எடுத்துவிட வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசுக்குப் பரிந்துரைத்தது. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. அதுவரை பலகையைப் பார்த்து நீ விலகிப் போகாதே. அதன் பின்னால் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி தூரத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

எல்லாரும் உனக்கு, "தேனியில வீடு எடுங்க, அங்கதான் பெரிய ஸ்கூலெல்லாம் இருக்கு" என்று சொல்வார்கள். அல்லது உத்தமபாளையத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வேனில் தேனிக்கு அனுப்பச் சொல்வார்கள். தேனியிலிருந்து கம்பம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். உத்தமபாளையம் அதில் முக்கால்வாசித் தூரம். வரைபடத்தில் அது சின்னக் கோடு. வேன் அந்தக் கோட்டில் நேராகப் போகாது. ஊருக்கு ஊர் திரும்பி, சந்து சந்தாக நின்று, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும்.

உன் அண்ணன் விஷயத்தில் நான் செய்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. பேர்பெற்ற பள்ளி என்று நம்பி, தூரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவனைச் சேர்த்தேன். காலையில் 6.45-க்கு வேன். திரும்பி வர மாலை 6 மணியாகும். இரண்டாவது மாதமே ஷூவோடு திண்ணையில் தூங்கிப்போனான். வீட்டுப் பாடத்தை உன் பெரியம்மா கையைப் பிடித்து எழுதவைப்பாள். தெருவில் அவனுக்கு ஒரு கூட்டாளி இல்லாமல் போனான். படிப்பாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு வகுப்பில் 50 பேருக்கு மேல், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நான் வாத்தியார் வேலை பார்த்தவன், எனக்கே அதைக் கண்டுகொள்ள இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் பள்ளியை முதலில் பார், வீட்டை அப்புறம் பார். பெரியவன் சைக்கிளில் போகிற தூரம், சின்னவள் உன் கையைப் பிடித்து நடந்து போகிற தூரம், அதற்குள் வீடு எடு. மாப்பிள்ளை பஸ்ஸில் போய்வரட்டும். வளர்ந்தவர் உடம்பு தாங்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் நம் மாநிலம் வகுத்த விதியும் இதைத்தான் நினைத்தது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது அதன் கணக்கு. வழியை ஒருமுறை நீயே நடந்து பார். முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதியை ஒட்டித் திறந்துவிடுவார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர் அது. பள்ளி திறப்பதும் அதே சமயம்தான். வாய்க்கால் நிறைந்து ஓடும், மேற்கிலிருந்து காற்றும் சாரலும் அடிக்கும். வழியில் கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம் இருக்கிறதா என்பதும் பள்ளியைப் பார்ப்பதில் சேர்ந்ததுதான்.

நம்மவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மே மாதம் வந்து, பூட்டிக் கிடக்கிற பள்ளியின் கட்டடத்தையும் வாசல் பிளெக்ஸையும் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். நீ ஏப்ரலில், பள்ளி நடக்கிற நாளில் வா. காலை வழிபாட்டுக்கு முன்னால் வாசலில் நில். பிள்ளைகள் எப்படி உள்ளே போகிறார்கள் என்று பார். தலைமை ஆசிரியரைக் கண்டு ஓடுகிறார்களா, வணக்கம் சொல்லி நிற்கிறார்களா? கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துபார். அனுமதி கேட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நோட்டை வாங்கிப் புரட்டு. திருத்தம் இருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா, பிழைக்குப் பக்கத்தில் சரியான வடிவம் எழுதியிருக்கிறதா, இல்லை பக்கத்துக்குப் பக்கம் ஒரு 'டிக்' மட்டுமா?

பிறகு எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்று கேள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது சட்டம். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்ப்பதென்றால், ஒருவர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்தும் ஒருவர் தலையில். ஈராசிரியர் பள்ளியிலும் அற்புதமாக நடத்துகிறவர்கள் உண்டு. ஆனாலும் தெரியாத ஊரில் முதல் முறை சேர்க்கும்போது, வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது இருக்கும் இடத்தைப் பார்ப்பது நல்லது.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இன்னொரு கேள்வி. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை தொங்கும். போன வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது எத்தனை பேர், அதற்கு முந்தின வருஷம் ஒன்பதில் இருந்தது எத்தனை பேர் என்று கேள். இடையில் பத்துப் பேர் காணாமல் போயிருந்தால், அந்தத் தேர்ச்சி எப்படி வந்தது என்று உனக்கே விளங்கும். தனியார் பள்ளியானால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டுவிடு. 2009-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த குழு அது, கேட்பது உன் உரிமை.

அரசுப் பள்ளி என்றதும் உன் மாமியார் தயங்குவார்கள். காலையில் இருட்டு விலகுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கின்றன. அந்தப் பிள்ளை தானே தலைசீவி, தம்பியையும் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கு வரும். 2022-ல் மதுரையில் தொடங்கி, மறுவருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். உன் மகள் அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடட்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. நீ போய் உட்கார்ந்து கேள்வி கேட்டால் பள்ளிக்கும் நல்லது. படித்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியதில்தான் பல பள்ளிகள் கேட்பாரற்றுப் போயின.

இந்த ஜூனில் எடுக்கும் முடிவு இரண்டு பிள்ளைகளுக்கும் பின்னால் வரை தொடரும், அதையும் தெரிந்துகொண்டு முடிவெடு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. மறுவருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கும் வந்தது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. பெரியவனுக்கு இது ஆறாம் வகுப்பு. இப்போது தனியாரில் போட்டு, எட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்றால் கதவு மூடியிருக்கும். நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் சேரும், அரசு உதவிபெறும் பள்ளி சேராது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. சமச்சீர்க் கல்விக்குப் பிறகு திருப்பூர் மெட்ரிகுலேஷனில் இருந்த அதே பாடப்புத்தகம்தான். அவன் திணற மாட்டான்.

சின்னவளுக்கு வேறு கணக்கு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்கவேண்டும். வேலைக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளை தனக்குத் தோன்றியதை வகுப்பில் எழுந்து நின்று முழுசாகச் சொல்லவேண்டும், அதற்கு அதன் வீட்டு மொழி வேண்டும். முடிவு உங்களுடையது. ஆனால் தெரியாமல் எடுத்த முடிவாக இருக்கவேண்டாம்.

காகிதம் விஷயம் சுருக்கமாக. திருப்பூர்ப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே எமிஸ் என்கிற மாணவர் பதிவு எண்ணைக் குறித்துக்கொள், பெயரை அந்தப் பதிவின் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்பு. பாக்கி இருக்கிறது என்று சான்றிதழை நிறுத்திவைக்க முடியாது. கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல அது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

ஏப்ரல் இரண்டாவது வாரம் செவ்வாய், புதனாகப் பார்த்து வா. திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி பஸ்ஸில் ஏறினால் மாலைக்குள் தேனி வந்துவிடலாம். மறுநாள் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் நான்கு பள்ளிகளைச் சேர்ந்தே போய்ப் பார்ப்போம். பெரியவனையும் கூட்டி வா, அவன் படிக்கப்போகிற பள்ளியை அவனும் பார்க்கட்டும். அவனுடைய கணக்கு நோட்டை மறக்காமல் எடுத்து வா. பின்னத்தில் தடுமாறுகிறான் என்றாய், பெரியம்மா வெட்டுகிற மாம்பழத்தை வைத்தே உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா