கணக்கு நோட்டோடு சோழமண்டலம் போகலாம்

சென்னைப் பள்ளிகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைச் சுற்றுலா என்றால் முதலைப் பண்ணை, மாமல்லபுரம், நடுவில் ஏதாவது ஒரு கேளிக்கைப் பூங்கா. ஈஞ்சம்பாக்கத்தில் அந்தப் பேருந்துகள் நிற்காமல் தாண்டிப்போகிற இடம் சோழமண்டல ஓவியர் கிராமம். நவீன ஓவியத்தைப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் காட்ட நினைக்கும் ஆசிரியர் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-ல் இதை உருவாக்கினார். படிப்பு முடித்த ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடுவது அவரை உறுத்தியது. அதைத் தவிர்க்க அவர்கள் எல்லோருமாக, மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணம் நிலமாகவும் வீடாகவும் ஆனது. 2009-ல் இங்கே, சென்னையின் நவீன ஓவியர்களின் 'மெட்ராஸ் கலை இயக்க'த்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வெளியே மரநிழலில் கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள் நிற்கின்றன.

பிள்ளைகளை அழைத்துப்போகும் முன் ஆசிரியர் ஒருமுறை தனியாகப் போய்வருவது அவசியம். காட்சியில் எது இருக்கிறது, கழிப்பறை எங்கே, பேருந்து எங்கே நிற்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்கார அனுமதிப்பார்கள் என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும். கட்டணத்தையும் நேரத்தையும் அப்போதே கேட்டு, பள்ளி லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். ஓவியர் ஒருவர் பயிற்சி நடத்த வேண்டுமென்றால் அதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். அவருக்கு மதிப்பூதியம் உண்டா என்பது கடைசி நிமிடக் கேள்வியாக இருக்கக் கூடாது. கலைஞர்தானே, பிள்ளைகளுக்காகச் சும்மா செய்வார் என்று நினைத்துக்கொள்ளும் பள்ளிகள் நம்மூரில் நிறைய.

அறுபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். பதினைந்து பேராகப் பிரித்து, பாதிப்பேர் உள்ளே, பாதிப்பேர் சிற்பங்களிடம் என்று மாற்றி அனுப்பலாம். புத்தகப்பை பேருந்திலேயே இருக்கட்டும். கையில் ஒரு பென்சில், நான்கு வெள்ளைத்தாள், அடியில் வைக்க ஓர் அட்டை போதும். பேனாவும் வண்ணமும் உள்ளே வேண்டாம்.

படத்தின் பக்கத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பிள்ளைகள் வரிசையாக நின்று எழுதிக்கொண்டு போவது நம் பள்ளிச் சுற்றுலாக்களின் பழைய நோய். வீடு திரும்பிய பிறகு கட்டுரை எழுதச் சொல்வார்கள் என்ற பயம்தான் காரணம். கட்டுரை கிடையாது என்று பேருந்திலேயே அறிவித்துவிட்டால் கண் தானாகப் படத்துக்குப் போகும். மொத்தம் மூன்றே படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம். அதற்கு மேல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது.

அந்த மூன்றில் ஒன்று பணிக்கருடையதாக இருக்கட்டும். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் பரப்பு முழுக்கப் பொடி எழுத்துகள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், வடிவியல் கோடுகள். பிள்ளைகள் உடனே கேட்பது, "சார், என்ன எழுதியிருக்கு?" படித்துப் பொருள் சொல்ல அதில் எதுவும் இல்லை என்பதே பதில், எழுத்து அங்கே வெறும் உருவம். 1960-களின் தொடக்கத்தில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததுதான் இந்த வழிக்குத் தன்னைத் திருப்பியது என்று பணிக்கர் சொல்லியிருக்கிறார். எண்களும் அல்ஜீப்ரா எழுத்துகளும் கோணங்களும் கலந்து கிடந்த ஒரு பக்கம். இதைக் கேட்டதும் வகுப்பில் கணக்குக்குப் பயப்படும் பிள்ளையின் முகம் மாறும்.

பயிற்சியும் அங்கிருந்தே பிறக்கிறது. பென்சில், தாள், அட்டையோடு போன வருடத்துக் கணக்கு நோட்டையும் ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். தாளில் ஒரு சதுரம் வெட்டி, அந்தத் துளை வழியாக நோட்டுப் பக்கத்தின் மேல் நகர்த்திப் பார்க்க வேண்டும். எங்கே கோடும் எண்ணும் நன்றாக அமைகிறதோ, அந்தச் சதுரத்தை மட்டும் பெரிதாக்கி வரைய வேண்டும். விடை சரியா தப்பா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. சிவப்பு மையில் ஆசிரியர் போட்ட குறுக்குக்கோடும் படத்துக்குள் வந்துவிடும்.

அடுத்து, கே. ராமானுஜம். கோட்டுமேல் கோடாக மையால் அடர்த்தியாக நிரப்பிய கற்பனை நகரங்களை வரைந்தவர், இங்கே வாழ்ந்தவர். அவர் படம் காட்சியில் இருந்தால், உள்ளங்கை அளவு இடத்தைக் கோடுகளால் மட்டும் நிரப்பச் சொல்லலாம். பென்சிலைச் சாய்த்துக் கருப்பாகத் தேய்க்கக் கூடாது என்பது ஒரே விதி. ஐந்து நிமிடத்தில் கை வலிக்கும். அப்போது மறுபடி படத்தைப் பார்க்கச் சொன்னால், உழைப்பு எவ்வளவு என்று விளக்க வேண்டியிருக்காது.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளைத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த சிற்பங்கள் முன்பக்கம் பார்ப்பதற்காகவே அமைந்தவை. கோயில் திருவாசியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது. அவற்றில் ஒன்று கிடைத்தால் பின்னாலும் போய், பற்றவைத்த தடம் தெரிகிறதா என்று தேடச் சொல்ல வேண்டும். தொடக் கூடாது. வெயிலில் நிற்கும் உலோகம் சுடும் என்பது கூடுதல் காரணம்.

பாத்திக் செய்ய ஆசைப்படும் ஆசிரியர்கள் சூடான மெழுகைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். வெள்ளைத்தாளில் மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்தி வரைந்து, மேலே தண்ணீர் கலந்த வாட்டர்கலரைப் பூசினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். தத்துவம் ஒன்றுதான், ஆபத்து இல்லை. இதைப் பள்ளிக்குத் திரும்பிய மறுநாள் வைத்துக்கொள்வது நல்லது.

இது மக்கள் குடியிருக்கும் இடம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். ஓவியர் வீடு என்பதற்காகக் கதவைத் தட்டக் கூடாது. கடல் பக்கத்தில்தான், ஆனால் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்; அதற்கப்புறம் ஓவியத்தை யார் பார்ப்பார்கள்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, வார நாளில், காலை நேரம் சிறந்தது. ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கே முழுப் பயன். இதே சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். பழைய வீடுகளும் குயவர் சக்கரமும் பார்க்க அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.