லாரியில் வந்ததாம் புலி!

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாட்டுக்கு ஊசி போடப் போகிற தொழுவத்தில் எல்லாம் எனக்கு முன்னே இந்தக் கதை வந்து நிற்கிறது. "டாக்டர், நம்ம மலையில ஏது புலி? காப்பகம்னு பேரு வாங்க, ராத்திரியோட ராத்திரியா லாரியில கொண்டாந்து விட்டுட்டாங்க." படித்தவர்களும் இதையே சொல்லும்போதுதான் எரிச்சலாக வருகிறது.

முழுப் பொய். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, நாட்டில் 51ஆவது. அதற்கு முன்பே இந்த மலையில் புலி கேமராவில் பதிவாகியிருக்கிறது. மேகமலையை ஒட்டியே கேரளத்தின் பெரியாறு காப்பகம் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வர லாரி எதற்கு? இளம் ஆண் புலி தாயைப் பிரிந்ததும் தனக்கென்று இடம் தேடி அலையும். மகாராஷ்டிரத்தின் திப்பேஸ்வரிலிருந்து 2019இல் கிளம்பிய ஒன்று, கழுத்தில் ரேடியோ பட்டையோடு, சுமார் 3,000 கிலோமீட்டர் நடந்தது.

புலியைக் கொண்டுபோய் விட்டதே கிடையாதா? உண்டு. 2008இல் ரந்தம்பூரிலிருந்து சரிஸ்காவுக்கு ஹெலிகாப்டரில் போனது. 2009இல் பன்னாவுக்கும் கொண்டு போனார்கள். நாடே பேப்பரில் படித்தது. மயக்க ஊசி போட்ட புலிக்கு மூச்சையும் உடல் சூட்டையும் விடாமல் பார்க்க மருத்துவர் வேண்டும். விட்ட பிறகு பின்தொடர ஆட்கள் வேண்டும். டெல்லியின் அனுமதி வேண்டும். இத்தனையையும் ஊருக்குத் தெரியாமல் ஒரு லாரிக்குள் ஒளிக்க முடியாது.

"கேமராவில் காட்டுவது வேற ஊர்ப் புலி" என்பது அடுத்த வாதம். மனிதனுக்குக் கைரேகை போல, ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. அதன் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியுமே ஒன்றாக இருக்காது. அதனால்தான் பாதையின் இரண்டு பக்கமும் மரத்தில், முழங்கால் உயரத்தில், எதிரெதிராகக் கேமரா கட்டுகிறார்கள். வேறு காட்டில் ஏற்கெனவே பதிவான புலி என்றால் வரியை ஒப்பிட்டதும் அகப்பட்டுவிடும்.

மலைமாட்டுக்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. மேய்ச்சல் உரிமையைக் கேளுங்கள். அது நியாயமான கேள்வி. அதற்குள் லாரிக் கதையைக் கலந்தால் உங்கள் பேச்சைத்தான் யாரும் நம்பமாட்டார்கள்.

மற்றவை சில்லறைக் கதைகள். தீ வைத்தால் புல் நன்றாக வருமாம். முதல் மழைக்குப் பச்சை தெரியும். கருகிப்போன மரக்கன்று திரும்ப வராது. சாம்பல் நிற அணில் பெருகி மாந்தோப்பை அழிக்கிறதாம். 1988இல் இங்கே சரணாலயம் அமைந்ததே அந்த அணில் அருகிப்போனதால்தான். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி, எங்கே பெருகுவது? கிளைக்குக் கிளை தாவிப் போகிற பிராணி அது. நடுவில் மரத்தை வெட்டினால் தரையில் இறங்கும், நாய் பிடித்துவிடும்.

நாய் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பலவற்றில் இருந்தது நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். புலிக்கும் அது வரும். நாமோ தோட்டக் காவல் நாய்க்கு வெறிநோய் ஊசி ஒன்றோடு நிறுத்திவிடுகிறோம்.

அய்யனார் கோயில் பக்கமும் செண்பகத்தோப்பிலும் தோட்டம் வைத்திருப்பவர்களே, குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் டிஸ்டெம்பர் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மறு ஊசிகளைத் தவறவிடாதீர்கள். ராத்திரியில் நாயை மலைப்பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள்.