ஒரு கணினிக்குள் இன்னொரு போர்ஷன்

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் விண்டோஸும் உபுண்டுவும் வருகின்றன. எங்கள் ஆய்வகத்தில் விண்டோஸ் மட்டும்தான் இருந்தது. முன்பு வேறொரு பள்ளியில் ஒரே கணினியில் இரண்டையும் நிறுவ முயன்று, வன்தட்டை முழுவதும் அழிக்கும் விருப்பத்தை நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் எல்லாம் போயின. அதன்பிறகு உபுண்டுவைப் புத்தகப் படங்களைக் காட்டித்தான் நடத்திவந்தேன். அந்தப் பயம் போனது மெய்நிகர் இயந்திரத்தால்.

வேளச்சேரிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் போர்ஷன் வீடு போதும். கட்டடம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனிப் பூட்டு. அதுபோல ஒரு கணினியின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டு, உள்ளே இன்னொரு கணினி இருப்பதாக நம்பவைக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். “அப்போ அதுதான் ஹவுஸ் ஓனரா மிஸ்?” என்றாள் ஒரு மாணவி. அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

உள்ளே ஓடும் உபுண்டுவின் பெரும்பாலான கட்டளைகளைச் செயலி நேரடியாகவே செய்கிறது. வன்பொருளைத் தொடும் கட்டளை வந்தால் மட்டும் ஹைப்பர்வைசர் இடைமறித்து, தானே முடித்துக்கொடுக்கும். உபுண்டு தன் வன்தட்டு என்று நினைப்பது, விண்டோஸில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. இது புதிய யோசனையும் அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்ற அமைப்பை வெளியிட்டது.

நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ். முதலில் 64 பிட் உபுண்டு பட்டியலிலேயே வரவில்லை. பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைந்திருந்தது. அதை இயக்கியதும் வந்தது. நிறுவி முடித்தவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். பிறகு மாணவர்களிடம், “சிஸ்டம் கோப்புகளை அழித்துப் பாருங்கள்” என்றேன். யாரும் முன்வரவில்லை. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் வந்து அழித்தான். உபுண்டு எழவே இல்லை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியதும் பழையபடி வந்து நின்றது. அன்று முதல் கட்டளைகளைத் தட்டிப் பார்க்க ஒருவருக்கும் தயக்கமில்லை. எனக்கு இதுதான் பெரிய லாபம். ஒரு கணினியில் அமைத்ததை எக்ஸ்போர்ட் செய்து மற்றவற்றில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அடுத்தது.

தொட்டியில் உள்ள தண்ணீர்தான் குழாயில் வரும். 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 4 ஜிபியை உபுண்டுவுக்குக் கொடுத்தேன்; ஓடியது. 4 ஜிபி மட்டுமே உள்ள கணினிகளில் விண்டோஸும் திணறியது, உபுண்டுவும் திணறியது. அவற்றில் எடை குறைந்த லுபுண்டுவை வைத்தேன். அதுவும் மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனால் கட்டளைகள் பழகப் போதும். முப்பரிமாண வரைகலை வேலைகளை எதிர்பார்க்காதீர்கள். உள்ளே விண்டோஸை நிறுவினால் அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

ஸ்னாப்ஷாட்டைக் காப்புப் பிரதி என்று நினைத்துவிடக் கூடாது. அது இருப்பதும் அதே வன்தட்டில்தான். தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை வெளி வன்தட்டில் நகலெடுத்து, மழைக்காலத்துக்கு முன்பே முதல் மாடி பீரோவில் வைத்துவிடுகிறேன்.