முதிய பூனை உண்ண மறுத்தால்

மனிதர்களைப் போலவே பூனைகளுக்கும் முதுமை உண்டு. பதினைந்து வயதுப் பூனை, எழுபது வயதைக் கடந்த முதியவருக்கு ஒப்பானது. அத்தகைய பூனை திடீரென உண்ண மறுத்தால், “பிடிவாதம் பிடிக்கிறது, பசித்தால் தானாகவே தின்னும்” என்று சிலர் விட்டுவிடுவர். இஃது ஆபத்தான எண்ணமாகும்.

பூனை தன் வலியை எளிதில் வெளிக்காட்டாது. பல்வலி, சிறுநீரக நோய், குமட்டல், மலச்சிக்கல் போன்றவை அதன் பசியைக் குறைக்கும். மேலும், பூனை வாசனையை நம்பியே உண்ணும். மூக்கு அடைத்துக்கொண்டால், பிடித்த உணவைக்கூட அது நாடாது.

பட்டினி கிடக்கும் பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் சேர்கிறது. அதனால், சில நாள்களிலேயே கல்லீரல் பழுதடைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். பருத்த பூனைகளுக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம். எனவே, ஒரு நாள் முழுவதும் உண்ணாத பூனையை விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அதுவரை, ஈர உணவை இளஞ்சூடாக்கிக் கொடுக்கலாம். அதன் மணம் பசியைத் தூண்டும். உணவை வாயில் திணிக்கக் கூடாது. மனிதர்களுக்குரிய மருந்துகளையும் கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு பாரசிட்டமோல் மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

பூனை கடைசியாக எப்போது உண்டது, நீர் பருகியதா, வாந்தி எடுத்ததா என்பனவற்றைக் குறித்து வைத்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்த பின்னரும் சில வேளைகளில் காரணம் உடனே புலப்படாது. அப்போதும் மனம் தளர வேண்டியதில்லை. பசியைத் தூண்டும் மருந்தாலோ குழாய்வழி ஊட்டப்படும் உணவாலோ பூனையின் வலிமையைக் காக்க முடியும்.

வாயில்லா உயிரின் நலம், அதனை வளர்ப்பவரின் கவனத்தில்தான் உள்ளது.