உயிர்ப்போட்டிப் படங்கள் உணர்த்தும் உண்மை

சடுகுடு ஆடுவோர் அனைவரும் அறிந்த விதி ஒன்றுண்டு. பிடிபட்டவன் ஆட்டத்தினின்றும் வெளியேறுவான். ஆயின் அவன் அணியைச் சேர்ந்த மற்றொருவன் எதிரணியாரைத் தொட்டு மீண்டால், வெளியேறியவன் உயிர் பெற்று உள்ளே வருவான். தோற்றவனைத் தோழனின் வெற்றி மீட்கும் என்பதே இவ்விளையாட்டின் உட்கருத்து.

இதற்கு நேர்மாறான விளையாட்டொன்றை உலகத் திரை சென்ற கால் நூற்றாண்டாகப் பெரிதும் காட்டி வருகின்றது. அதில் வெளியேறுபவன் மீள்வதில்லை, மாண்டே போகின்றான். ஒருவன் வாழ மற்றையோர் யாவரும் மாள வேண்டும் என்பதே அங்கு விதி. இவற்றை உயிர்ப்போட்டிப் படங்கள் எனலாம். நம் மாணாக்கர் இவற்றை விரும்பிக் காண்கின்றனர். பெற்றோரோ குருதிக் காட்சிகள் என வெறுக்கின்றனர். இவை சமுதாயத்தைப் பற்றி யாது கூறுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம். சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வேரூன்றிய நமக்கு இவ்வாராய்ச்சி அயலார் கதையாக இராது.

படங்கள் பிறந்த வரலாறு

இக்கதைகளின் கரு வெறுங் கற்பனையில் உருவானதன்று. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் நிலவியபோது, இடைவிடாது ஆடும் நடனப் போட்டிகள் நடைபெற்றன. இறுதிவரை வீழாது நின்ற இணைக்கே பரிசு. வேலையற்றோர் பலர் அங்குக் கிடைத்த உணவையும் உறைவிடத்தையும் கருதியே ஆடினர். அவர் தளர்ந்து வீழ்வதைக் காணக் கட்டணம் செலுத்திப் பலர் வந்தனர். இதனை ஹொரேஸ் மக்கோய் 1935இல் நாவலாக எழுதினார். 1969இல் சிட்னி பொலாக் அதனைத் திரைப்படமாக்கினார்.

2000ஆம் ஆண்டில் யப்பானிய நெறியாளர் கின்ஜி புக்கசாக்கு 'பட்டில் ரோயல்' என்னும் படத்தை வெளியிட்டார். கோஷுன் தக்காமி 1999இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம். ஒரு வகுப்பு மாணவரை அரசு தீவொன்றிற்குக் கொண்டு சென்று, மூன்று நாளில் ஒருவர் மட்டும் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லுமாறு பணிக்கின்றது. புக்கசாக்கு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தம் பதினைந்தாம் வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குண்டுவீச்சில் உடன் இருந்த தோழர் மாண்டதைக் கண்டவர். முதியோர் வகுத்த போரில் இளையோர் மடிந்ததை அவர் மறக்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் சுசான் கொலின்ஸ் 2008இல் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' 2012இல் படமாயிற்று. அதில் வரும் நாட்டின் பெயர் 'பானெம்'. அது இலத்தீன் மொழியில் அப்பத்தைக் குறிக்கும் சொல்லினின்றும் வந்தது. அப்பமும் வேடிக்கையும் கொடுத்து மக்களை அடக்கிவைத்த உரோமபுரியை அது நினைவூட்டுகின்றது. பன்னிரு வட்டாரங்களும் ஆண்டுதோறும் ஓர் ஆண்மகவையும் ஒரு பெண்மகவையும் போட்டிக்கு அனுப்ப வேண்டும். தானியமும் எண்ணெயும் வேண்டும் ஏழைப் பிள்ளை, குலுக்கலில் தன் பெயரை மேலும் ஒருமுறை எழுதிக்கொடுத்து அவற்றைப் பெறலாம். குலுக்கல் எல்லார்க்கும் பொதுவாயினும், பசித்தவன் பெயரே அதிகமாகக் கிடக்கின்றது!

2021இல் வெளிவந்த கொரியத் தொடர்ப்படம் 'ஸ்குவிட் கேம்'. அதன் நெறியாளர் ஹுவாங் டொங்-ஹியூக். கடனில் மூழ்கிய 456 பேர், 4,560 கோடி வொன் பரிசுக்காகச் சிறுவர் விளையாட்டுகளை ஆடி மடிகின்றனர். 2009இல் அந்நாட்டு மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் பெருந்தொகையாக நீக்கப்பட்டமையும், அதனால் எழுந்த வேலைநிறுத்தமுமே கதைத்தலைவனின் முன்வாழ்வுக்கு அடிப்படை. கூலி கிடைக்காது வஞ்சிக்கப்பட்ட பாகிஸ்தானியத் தொழிலாளி ஒருவனும் அப்போட்டியில் உளன். நம் நாட்டு இளைஞரும் கொரியாவுக்குத் தொழில் தேடிச் செல்கின்றனர் ஆதலின், அப்பாத்திரம் நமக்கு அந்நியமானதன்று.

மூன்று பொது இயல்புகள்

இப்படங்களுக்குப் பொதுவான இயல்புகள் மூன்று. முதலாவது, வறுமையே ஆட்களைக் களத்துக்குக் கொணர்கின்றது. கொரியக் கதையில் பெரும்பான்மையோர் வாக்களித்தால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்னும் விதியுண்டு. அவ்வாறே அவர்கள் வாக்களித்து வெளியேறுகின்றனர். பின் அவர்களுட் பெரும்பாலோர் தாமாகவே திரும்பி வருகின்றனர். வெளியுலகம் அதனினும் இரக்கமற்றதாயிருந்ததே காரணம். கையொப்பம் இட்டவன் விரும்பியே இட்டான் எனக் கூறுவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குக.

இரண்டாவது, விதி வகுத்தோர் களத்தில் இரார். அவர் மறைந்திருப்பர், அன்றேல் முகமூடி அணிந்திருப்பர்.

மூன்றாவது, விதி வகுத்தோனை எட்ட இயலாத காரணத்தால், ஆடுவோன் அருகிலிருப்பவனையே பகைக்கின்றான். இம்மூன்றனுள் இதுவே கொடிது என்பது என் துணிபு.

நம் தோட்டங்களில்

இவ்வியல்புகளை நம் முன்னோர் திரையிற் காணவில்லை, வாழ்விலே கண்டனர். தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளி, வழிச்செலவுக்கும் முற்பணத்துக்கும் கங்காணியிடம் கடன்பட்டே தோட்டத்துக்கு வந்தான். அவன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர் விடுவிக்கப்படுவர் என எழுதிய 'துண்டு' வழங்கப்பட்டது. புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்துவர். அது மீண்டும் தொழிலாளியின் கணக்கிலேயே ஏறும். ஆள் மாறினான், தோட்டம் மாறியது. கடன் மாத்திரம் மாறாது வளர்ந்தது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தானியத்துக்காகப் பெயரெழுதிக் கொடுக்கும் பிள்ளையின் நிலைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே.

அரைப்பேர் என்பதையும் நாம் அறிவோம். குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் நாள் முழுதும் உழைத்தவளுக்கும் அரைநாட் கூலியே எழுதப்படும். அவ்வேளையில் எழும் சண்டை, நல்ல நிரை யாருக்குக் கிடைத்தது என்பது பற்றியதாகவே பெரிதும் இருக்கும். எடையைக் குறித்தவர் யார், எதனைக் கொண்டு குறித்தார் என்னும் வினா பின்னே போய்விடும். முன்னர்க் கூறிய மூன்றாம் இயல்பு இதுவே.

நம் மாகாணத்திலேயே நிகழ்ந்த பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்கவென அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் லயங்களை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். கிராமத்தவரின் நிலப்பசி மெய்யானது. தோட்டங்கள் விரிந்த காலத்தில் அவர்தம் நிலம் சுருங்கியதும் மெய். தொழிலாளர்க்கோ அந்த லயத்தையன்றி வேறு வீடில்லை. நிலமற்ற இரு சாராரை ஒரு துண்டு நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்திய ஏற்பாடு அது.

தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அவர்க்காகப் பிற தோட்டத்தாரும் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தொழிற்சங்கத்தின் வழி வேலைநிறுத்தம் செய்தனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. உரிமையுண்டென மெய்யாக நம்பி லயத்தில் தங்கியிருந்தவர் மீது அத்துமீறல் குற்றம் சாராதென 1950இல் தீர்ப்பாயிற்று. தனியொருவராய் நின்றிருந்தால் அவ்வழக்கு அத்துணைத் தூரம் சென்றிராது.

படங்களிலும் திருப்பம் இவ்வாறே நிகழ்கின்றது. 'ஹங்கர் கேம்ஸ்' கதையில் எஞ்சிய இருவரும் ஒருவரையொருவர் கொல்ல மறுத்து, நச்சுக்கனியை ஒருங்கே உண்ணத் துணிகின்றனர். அப்போதுதான் ஆட்சியாளர் அஞ்சி விதியை மாற்றுகின்றனர்.

ஒரு தடை

போட்டியின்றி உலகம் இயங்குமோ எனச் சிலர் வினவலாம். தகுவதொரு வினாவே. பரீட்சையும் பந்தயமும் வேண்டற்பாலனவே. ஆயின் ஒரு போட்டி நல்லதோ தீயதோ என அறிய, வென்றவன் பெறுவதை அளத்தல் போதாது. தோற்றவனுக்கு எஞ்சுவது யாதென வினவுதல் வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் தோற்றவன் மறுநாளும் ஓடலாம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தவறிய பத்து வயதுப் பிள்ளையை, வாழ்வே தவறியதுபோல் வீட்டாரும் ஊராரும் நோக்குவராயின், அப்பரீட்சை பந்தயமாக இராது, உயிர்ப்போட்டியின் சாயலைப் பெற்றுவிடும்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். இப்படங்களும் குற்றமற்றன அல்ல. மனிதரின் துன்பத்தை வேடிக்கை பார்ப்போரைப் பழிக்கும் படம், நம்மையும் அவ்வேடிக்கைக்கே அழைக்கின்றது. 'ஸ்குவிட் கேம்' தொடரைப் பின்பற்றி, 456 மெய்யான மனிதரைக் கொண்டு, 45.6 இலட்சம் டொலர் பரிசுடன் 2023இல் ஒரு போட்டி நிகழ்ச்சியே ஒளிபரப்பாயிற்று. அங்கு எவரும் மாளவில்லை என்பது மெய்யே. எனினும், எதனைக் கண்டிக்க அக்கதை பிறந்ததோ அதுவே அக்கதையின் பெயரால் விற்பனையாயிற்று.

மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும்

ஆதலின் மாணாக்கரே, இவ்வகைப் படத்தைக் காணுங்கால் மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்வீராக. இவ்விதியை வகுத்தவர் யார்? இவர்களைக் களத்துக்குக் கொணர்ந்த வறுமை யாது? ஆடுவோர் ஒன்றுகூடி மறுத்திருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? இவ்வினாக்களை வாழ்விலும் வினவப் பழகுவீராயின் படம் பார்த்த பொழுது வீணாகாது.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். நாம் எதிரணிக் களஞ் சென்று தொட்டு மீண்டவர்கள். நம்முடன் பயின்றோர் பலர் சாதாரண தரப் பரீட்சையோடு வெளியேறினர். இன்றும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ தவறி அங்ஙனமே வெளியேறுகின்றனர். பரிசில் பெற்ற முதல்வர்க்குப் பதக்கம் அளித்தல் நன்று. பரீட்சையில் தவறியவர் மீண்டும் தோற்றுதற்கு ஓராண்டு மாலை வகுப்பு நடத்துதல் அதனினும் நன்று. வெளியேறியவனை உள்ளே அழைப்பதே மீண்டு வந்தவனின் கடமை. சடுகுடுவின் விதியும் அதுவே.