பழைய லென்ஸை எப்போது போடலாம்?

கேள்வி: கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய்க்காக வலது கண்ணில் சி3ஆர் சிகிச்சை செய்து மூன்று வாரம் ஆகிறது. பார்வை முன்பைவிட மங்கலாக இருக்கிறது. பழைய கான்டாக்ட் லென்ஸைப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்தச் சிகிச்சையில் வழக்கமாகக் கருவிழியின் மேல்தோலை நீக்கி, ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு, புற ஊதாக் கதிர் செலுத்துவார்கள். மேல்தோல் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மூடிவிடும். அதுவரை கண்ணைப் பாதுகாக்கத்தான் பேண்டேஜ் லென்ஸ் வைப்பார்கள். மங்கல் முழுதும் தெளியச் சில மாதங்கள்கூட ஆகலாம், பயப்பட வேண்டாம். ஆனால் வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பொதுவாக ஒரு மாதத்துக்குப் பிறகே, கண்ணைப் பார்த்துவிட்டு லென்ஸுக்கு அனுமதிப்பார்கள். காசு போட்டு வாங்கிய பழைய லென்ஸ் பொருந்தாமலும் போகலாம். கருவிழியின் வளைவு மாறியிருக்கும் என்பதால், டோபோகிராஃபி எடுத்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். கடினமான லென்ஸ் உறுத்தினால் ஸ்கிளீரல் லென்ஸ் பற்றிக் கேளுங்கள். விலை அதிகம்தான், ஆனால் அது கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியின் மேல் உட்காரும்.

சி3ஆர் சிகிச்சை நோய் முற்றாமல் தடுப்பதற்கே, பவரைப் போக்காது. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், அகாந்தமீபா கிருமி தொற்றும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.