மாய உலகில் மெய்யான களவு

முன்னுரை

சென்ற ஆண்டு என் தம்பி, கணினி விளையாட்டொன்றில் பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த வாளையும் கவசத்தையும் இழந்தான். நண்பனைப்போல் பழகிய எவனோ கடவுச்சொல்லைக் கேட்டறிந்து கவர்ந்துகொண்டான். தம்பி அன்றிரவு உண்ணவில்லை. "இல்லாத வாளுக்கா இத்தனை அழுகை?" என்று நான் நகைத்தேன். அந்த நகைப்பு முறைதானா என்னும் ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

மாய உலகமும் பணமும்

பலர் ஒரே நேரத்தில் தத்தமக்கென ஓர் உருவம் தாங்கி உலவும்படி கணினியால் படைக்கப்பட்ட இடமே மாய உலகம். 2003-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செகண்ட் லைஃப்' அத்தகையது. அங்குப் புழங்கும் நாணயத்தை டாலராக மாற்றலாம். ஆகவே, மிகுந்த வட்டி தருவதாக ஆசை காட்டும் 'வங்கி'களும் அங்கே முளைத்தன. 2007-இல் அவற்றுள் ஒன்று முறிந்தது. பணம் போட்டவர்கள் கைபிசைந்து நின்றனர். மறு ஆண்டு, அரசு உரிமம் பெறாத வங்கிகளை அந்நிறுவனம் தடை செய்தது.

நீதிமன்றத்தின் விடை

2007-இல் நெதர்லாந்தில் இரு சிறுவர்கள், 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்து, கத்தி காட்டி மிரட்டி, 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் அவனுக்கிருந்த தாயத்தையும் முகமூடியையும் தம் வசமாக்கினர். "இவை வெறும் மின்குறிகள், பொருள்களே அல்ல" என்று அவர்கள் தரப்பில் வாதிடப்பட்டது. 2012 ஜனவரி 31 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. நேரமும் உழைப்பும் செலவிட்டுப் பெற்றவை, ஒருவன் வசமிருந்து பறிக்கத்தக்கவை. ஆதலால் அவையும் திருட்டுக்குரிய பொருள்களே என்பது தீர்ப்பின் சாரம். மீட்டரை ஓடவிடாமல் நிறுத்தி மின்சாரம் எடுத்த பல் மருத்துவரின் வழக்கில், மின்சாரமும் திருடத்தக்க பொருளே என 1921-லேயே அந்நீதிமன்றம் கூறியிருந்தது.

அசைவே அடையாளம்

தலையில் கருவி அணிந்து நுழையும் உலகில் வேறோர் இடரும் உண்டு. 2023-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50,000-க்கும் மேற்பட்டோரின் தலை, கை அசைவுகளை ஆராய்ந்தனர். 100 விநாடி அசைவைக் கொண்டே, நூற்றுக்கு 94 முறை இன்னார் எனச் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. களவுபோன கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். கையசைக்கும் இயல்பை எவ்வாறு மாற்றுவது?

முடிவுரை

கடவுச்சொல்லை உற்ற நண்பனுக்கும் உரைக்கலாகாது. அளவுக்கு மிஞ்சிய வட்டியை நம்பலாகாது. இவற்றினும் முதன்மையானது ஒன்று: இழந்தவனைப் பார்த்து நாம் நகைத்தால் அவன் வாய் திறவான், கள்வனுக்கு அதுவே காப்பு. இத்தீர்ப்பைப் படித்த அன்றே தம்பியிடம் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொண்டேன்.